எஞ்சின் வேலை பார்த்தவர்

காளப்பநாயக்கன்பட்டி,
4.2.2024

அன்புள்ள அருணாசலத்துக்கு,

சாமியப்பன் எழுதுவது. நான் நலம். நீயும் பாவாயியும் நலம்தானா?

கடிதம் எழுதிப் பல வருஷமாகிறது. தபாலாபீசில் இன்லண்டு லெட்டர் கேட்டதும் அங்கிருந்த பெண் உள்ளே போய்த் தேடித்தான் எடுத்து வந்தது. உனக்குப் பதினோரு தடவை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முழுக்க அடித்து நிற்கிறது. மலையில் டவர் கிடைக்கவில்லை என்றால் மணியே அடிக்காது, அது எனக்கும் தெரியும்.

கோயம்புத்தூரில் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பழைய கார் அணிவகுப்புக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். காரை லாரியில் ஏற்றி, கயிறு தளர்ந்துவிட்டதா என்று வழியில் நான்கு இடத்தில் நீ இறங்கிப் பார்த்தாய். மேடையில் ஷீல்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் உன்னைக் காணோம். பஸ் ஏறிப் போய்விட்டாய் என்று டீக்கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். உன் டூல் பையும் மாற்றுச் சட்டையும் பின் சீட்டிலேயே கிடந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நான் மட்டும் லாரியில் வந்தேன்.

மலைமேல் சோளக்காடு ஊருக்கு அந்தப் பக்கம் காப்பித் தோட்டத்துக் கொட்டகையில், விறகுக்கு அடியில் கிடந்த இரும்பை முதலில் பார்த்தவன் நீ. ‘ஏனுங்க, அது 1929 ஃபோர்டுங்க, எஞ்சின் பிளாக் வெடிக்காம இருக்குதுங்க’ என்று ஓடி வந்து சொன்னவனும் நீ. அன்றிலிருந்து ஆறு வருஷம் சனிக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் இறங்கி, என் மாட்டுக் கட்டுத்தரைக்கு வந்து அதைச் சரிசெய்தாய். கார் ஓடி, ஊரே பார்த்து, பரிசும் கிடைத்த நாளில் ஒரு வார்த்தை சொல்லாமல் போகலாமா?

இன்னொரு விஷயம். கார் பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது. பிறகு இருமி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் மறுபடியும் கிளம்புகிறது. பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க் வருகிறது. நீ வந்து பார்த்தால் தேவலை.

இப்படிக்கு,
சாமியப்பன்

*

திண்ணனூர் நாடு,
19.2.2024

சாமியப்பன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மிளகு பறிப்பு நடப்பதால் உடனே எழுத முடியவில்லை.

பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை ஒன்று உண்டு. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது. அணிவகுப்புக்கு முந்தின நாள் நீங்கள் மூடியைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தீர்கள். பாலிஷ் உள்ளே போய்க் காய்ந்திருக்கும். குண்டூசியால் குத்தி விடுங்கள். அதற்கு நான் வரத் தேவையில்லை.

டூல் பையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் செம்மேட்டில் வாங்கிக்கொள்வேன்.

போனை எடுக்காததற்குக் காரணம் உண்டு. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எழுதினால் எனக்கும் என் முறை வரும்.

அருணாசலம்

*

காளப்பநாயக்கன்பட்டி,
2.3.2024

அன்புள்ள அருணாசலத்துக்கு,

மூடியில் அடைப்புத்தான். குத்தி விட்டதும் சரியாகிவிட்டது. அரை மணி நேரம் மலையடிவாரம் காரவள்ளி வரைக்கும் ஓட்டிப் போய் வந்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் நீ முனகுவாயே, அந்தச் சத்தம் இல்லாமல் வண்டி ஓட்டியது போலவே இல்லை.

டூல் பையைக் கொடுத்தனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொள்.

நீ எதற்காகக் கோபித்துக்கொண்டாய் என்று யோசித்துப் பார்த்தேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் மட்டும் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அணிவகுப்பில் கார் முன்னால் வைத்த அட்டையிலும் ‘உரிமையாளர்: கே. சாமியப்பன்’ என்றுதான் போட்டிருந்தார்கள். அருணாசலம், விண்டேஜ் வண்டிக்குப் பதிவு செய்யும்போது உரிமையாளர் என்று ஒரு இடம்தான் இருந்தது. வண்டி என் இடத்தில் நிற்கிறது, கரண்ட் என்னுடையது, எனவே என் பெயரை எழுதினேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீயே ‘உங்க பேரையே போடுங்க’ என்றுதான் சொல்லியிருப்பாய். சொல்லியிருப்பாயா இல்லையா?

ராசாமணி இருந்திருந்தால் இந்தப் பிணக்கை ஒரே நாளில் தீர்த்திருப்பாள். அவள் போய் எட்டு வருஷமாகிறது. மகள் ராதிகா புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாள். மற்ற ஆறு நாளும் சமைக்க வரும் யமுனாவிடம் உப்பு, புளி தவிர பேச எனக்கு ஒன்றும் இல்லை. உனக்கு எழுதுகிற சாக்கில் இதையும் சொல்லி வைக்கிறேன்.

சாமியப்பன்

*

திண்ணனூர் நாடு,
24.3.2024

சாமியப்பன் அவர்களுக்கு,

ஆர்.சி. புத்தகம் காரணமில்லை. கேட்டிருந்தால் உங்கள் பெயரைத்தான் போடச் சொல்லியிருப்பேன். அது சரிதான்.

நடந்ததை எழுதுகிறேன். மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். நான் பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு அடுத்தாற்போல் பச்சை நிறக் கார் நிறுத்தியிருந்தவர் உங்களிடம் வந்து என்னைக் காட்டி, ‘இவரு யாருங்க?’ என்று கேட்டார். நீங்கள், ‘நம்ம ஆளுதானுங்க. மலைக்காரன். கூடமாட ஒத்தாசைக்கு’ என்றீர்கள்.

அவர் தன் கையிலிருந்த துணியை என்னிடம் நீட்டினார். ‘அப்படியே நம்ம வண்டி டயரையும் கொஞ்சம் தொடச்சு விடுப்பா, ஜட்ஜ் வர்றதுக்குள்ள’ என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்த் துடைத்தேன். நான்கு டயரும் ஸ்டெப்னியும். துடைத்து முடித்துத் துணியை அவர் கார்மேல் மடித்து வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

‘நம்ம ஆளு’ என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குச்சிக்கிழங்கு பிடுங்கும் காலத்தில் எங்கள் மலையிலிருந்து டெம்போவில் ஏற்றிப் போவார்களே, அந்தக் கூலிக்காரர்கள்தான் ஆளு. பதினேழு வயதில் நானும் அந்த மாதிரி உங்கள் அப்பாவின் காட்டுக்கு வந்திருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அந்தப் பெயர் என்மேல் இருக்கக் கூடாது என்றுதான் நாமக்கல்லுக்குப் போய் இருபத்திரண்டு வருஷம் லாரிப் பட்டறையில் கிடந்து தொழில் கற்றேன்.

ஆறு வருஷம் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். ஆனால் சனிக்கிழமை படுத்தது கிணற்று மோட்டார் ரூமில். உள்ளே வந்து படு என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் ஒவ்வொன்றாகத் தோன்றியது. உங்களைவிட நான் இரண்டு வயது மூத்தவன். ஆனால் அண்ணா என்று கூப்பிட்டது நான். நீ, வா, போ என்று சொன்னது நீங்கள்.

இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது.

அருணாசலம்

*

காளப்பநாயக்கன்பட்டி,
1.4.2024

அருணாசலத்துக்கு,

படித்தேன்.

நம்ம ஆளு என்றால் நமக்கு வேண்டியவர் என்றும் அர்த்தம் உண்டு. என் மாமனாரையே அப்படிச் சொல்லியிருக்கிறேன். வாயில் வந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷத்தையும் கூண்டில் ஏற்றியிருக்கிறாய். யமுனா வராத நாளில் நானே சோறாக்கி உனக்குப் பரிமாறியிருக்கிறேன். எந்த ஆளுக்கு யார் பரிமாறுகிறார்கள்? மோட்டார் ரூமில்தான் காற்று வருகிறது என்று நீதான் சொன்னாய்.

அந்த ஆள் துணியை நீட்டினால் முடியாது என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா?

காரை வேண்டுமானால் நீயே எடுத்துக்கொண்டு போ. இனி நான் எழுதுவதாக இல்லை.

சாமியப்பன்

*

காளப்பநாயக்கன்பட்டி,
20.5.2024

அருணாசலத்துக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

இந்த மாதம் ஆறாம் தேதி காலை எட்டு மணிக்குக் காரைக் கிளப்பப் போனேன். பேட்டரி இறங்கியிருந்ததால் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்பார்க் லீவர் மேலே இருக்க வேண்டும் அல்லவா? முந்தின நாள் துடைத்தபோது கீழே இறக்கிவிட்டிருக்கிறேன். பார்க்கவில்லை. அதைப் பார்ப்பது எப்போதும் உங்கள் வேலையாக இருந்தது. கைப்பிடி எதிர்ப்பக்கம் அடித்தது. தரையில் விழுந்ததில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை.

போன் வீட்டுக்குள் கட்டில்மேல் இருந்தது. பக்கத்துக் காட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு யமுனா வந்து பார்க்கும் வரை அங்கேயே கிடந்தேன்.

கண்ணுக்கு நேரே காரின் அடிப்பக்கம். மூன்று மணி நேரம் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. பிரேக் ராடுகள் கழலாமல் இருக்க நீங்கள் போட்ட காட்டர் பின்களைப் பார்த்தேன். அத்தனை பின்னும் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு மடக்கியிருக்கிறது. யாருமே பார்க்கப் போகாத இடம் அது. நான் தேய்த்துப் பளபளப்பாக்கியதெல்லாம் வெளியில் தெரிகிற இடம்.

இதைச் சொல்லத்தான் எழுதினேன். போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

சாமியப்பன்

*

திண்ணனூர் நாடு,
2.6.2024

சாமியப்பன் அவர்களுக்கு,

மணிக்கட்டு என்றால் ஆறு வாரம் மாவுக்கட்டு. அது பிரித்த பிறகும் மூன்று மாதத்துக்குக் கைப்பிடியைத் தொடக் கூடாது. பட்டறையில் ஒருவருக்கு இதே மாதிரி அடித்துச் சீக்கிரமே வேலைக்கு வந்ததில் கை கடைசி வரை திரும்பவில்லை.

இனிமேல் சுற்றுவதற்கு முன்னால் லீவரைக் கண்ணால் பார்ப்பது போதாது. கையால் மேலே தள்ளிப் பாருங்கள். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்தால் அடிக்கும்போது விரலும் போகும். இதை ஆரம்பத்திலேயே சொல்லித்தந்திருக்க வேண்டும். நான் இருக்கிறேனே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

போன கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதில் ஒன்று சரி. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று நானும்தான் யோசிக்கிறேன். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது.

பாவாயி பிப்ரவரியிலிருந்து திருப்பூரில் இருக்கிறாள். மகள் தேன்மொழிக்குக் குழந்தை பிறந்து, அவள் வேலைக்கும் போக வேண்டியிருப்பதால் அம்மா கூட இருக்கிறாள். அடுத்த வருஷம்தான் வருவாள். நான் காலையில் ஒரு தடவை அடுப்பு மூட்டுவதோடு சரி. மேல் வீட்டுப் பாப்பாத்தி எப்போதாவது குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

சனிக்கிழமைதான் கஷ்டம். போன வாரம் விடியும் முன்னாலேயே எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்து, ‘என்னங்க, ரொம்ப நாளாக் காணோம், ஏறுங்க’ என்றார். ‘இல்லீங்க, ஒருத்தர் வர்றதாச் சொன்னாரு, பாக்க வந்தேன்’ என்று சொல்லிவிட்டேன். பஸ் போன பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யாராவது பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடுமே.

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருணாசலம்

*

காளப்பநாயக்கன்பட்டி,
7.7.2024

அன்புள்ள அருணாசலம் அவர்களுக்கு,

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கையால் எழுதும் முதல் கடிதம் இது. வலிக்கும்போது நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. வந்தால் பேசாமல் இருந்து, பழையபடி வேலையை ஆரம்பித்துவிடலாம். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களை வரவைத்தால் மறுபடியும் உங்களை ஏமாற்றியதாகும்.

நீங்கள் அந்தப் பச்சைக் காருக்கு டயர் துடைத்து முடித்துப் போன கொஞ்ச நேரத்தில் நடுவர் வந்தார். வயதானவர், எழுபதுக்கு மேல் இருக்கும். காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினை ஓட விடச் சொல்லி, பானெட்டில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, ‘பேரிங்கெல்லாம் பழையபடி ஒயிட் மெட்டல் உருக்கி ஊத்துனதா? இதை இப்ப யாரும் செய்யறதில்லீங்களே. யார் பாத்தது எஞ்சின் வேலை?’ என்று கேட்டார்.

‘நான்தானுங்க’ என்று சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே விடவில்லை. ‘நல்ல வேலைங்க, ரொம்ப நல்ல வேலை’ என்றார். ஷீல்டு அதற்குத்தான் கிடைத்தது. பளபளப்புக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஒயிட் மெட்டலை நீங்கள் நான்கு தடவை ஊற்றினீர்கள். மூன்று தடவை சரியாக வரவில்லை என்று நீங்களே சுரண்டி எடுத்தீர்கள். நான் செய்ததெல்லாம் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது. அது எனக்கு அந்த நிமிஷத்திலும் நன்றாகத் தெரிந்தது.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்கு ஒரு பதில்தான் இருக்கிறது. அது நியாயமில்லை. ராசாமணி போன பிறகு நான் செய்ததை நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குழம்பைக்கூட நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன். அவர் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. அவர் இன்னும் மூன்று கார் பார்த்துவிட்டுத்தான் மேடைக்குப் போனார். நான் போய்ச் சொல்லவில்லை.

நீங்கள் மேடைக்குப் பக்கத்தில் இல்லாதது அப்போது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

சாமியப்பன்

*

காளப்பநாயக்கன்பட்டி,
20.10.2024

அன்புள்ள அருணாசலம் அவர்களுக்கு,

மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறியிருக்குமோ என்று முதல் மாதம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அணிவகுப்பு நடத்திய சங்கத்துக்கு ஆகஸ்டில் எழுதினேன். எஞ்சின் வேலை முழுக்கத் திண்ணனூர் நாட்டு அருணாசலம் பார்த்தது, நான் பொய் சொல்லிவிட்டேன், ஏட்டில் திருத்திக்கொள்ளுங்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது.

கை தேறிவிட்டது. தோசை திருப்ப முடிகிறது. லீவரைக் கையால் மேலே தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சுற்றுகிறேன். முதல் இரண்டு தடவை பயத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மழை விட்டதும் மேலே வரலாம் என்றிருக்கிறேன். மன்னிப்பு வாங்குவதற்கு வரவில்லை. நம் கார் இன்னும் ஒரு தடவைகூட மலை ஏறவில்லை. விறகுக்கடியிலிருந்து லாரியில் இறங்கி வந்ததோடு சரி. அதை உங்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும்.

சாமியப்பன்

*

காளப்பநாயக்கன்பட்டி,
7.1.2025

அன்புள்ள அருணாசலம் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். வீடு பூட்டியிருந்தது. நீங்கள் திருப்பூர் போயிருப்பதாகப் பாப்பாத்தி சொன்னார். நாள் குறிப்பிடாமல் வந்தது என் தவறு.

ஏறிய கதையை எழுதுகிறேன். காலை ஏழு மணிக்குக் காரவள்ளியில் ஏற்றம் பிடித்தேன். முதல் இருபது வளைவு வரை சுலபம். பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஃபர்ஸ்ட் கியர் கேட்டது. நீங்கள் சொல்லித்தந்தபடி கிளட்சை இரண்டு தடவை மிதித்து மாற்றினேன். நான்கு இடத்தில் கியர் கத்தியது. முப்பத்தெட்டாம் வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆறும் வரை கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் அங்கிருந்து கைக்குட்டை அளவு தெரிந்தது. மேலேயிருந்து இறங்கிய பஸ் டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு வளைவு வரை பின்னால் எடுத்து வழி விட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னலில் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள்.

சோளக்காட்டில் டீ குடித்தபோது இளவட்டம் ஒருவர் வந்து, ‘செம வண்டிங்க, யார் வேலை பாத்தது?’ என்று கேட்டார். ‘திண்ணனூர் நாட்டு அருணாசலம்ங்க. எஞ்சின் முழுக்க அவர் கைவேலை’ என்று சொன்னேன். அவர் அதற்குள் செல்ஃபிக்குத் திரும்பிவிட்டார். கேட்டாரோ என்னவோ.

உங்கள் வீட்டுக்குக் கீழே ரோட்டில் நிறுத்தி இரண்டு மணி நேரம் இருந்தேன். கொண்டுவந்த புளிச்சோற்றை அங்கேயே சாப்பிட்டேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் ஏன் அவ்வளவு நேரம் இருந்தேன் என்று கேட்காதீர்கள். கீழே போனாலும் வீட்டில் யாரும் இல்லை. அங்கே இருப்பதற்கு இங்கே இருக்கலாம் என்று தோன்றியது. பனி இறங்க ஆரம்பித்த பிறகு கிளம்பினேன்.

ஷீல்டையும் டூல் பையையும் பாப்பாத்தியிடம் கொடுத்திருக்கிறேன். இறங்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை.

சாமியப்பன்

*

திண்ணனூர் நாடு,
12.1.2025

சாமியப்பனுக்கு,

நான் திருப்பூர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் இருந்தேன்.

மிளகு பறிக்க ஏணி போட்டு சில்வர் ஓக் மரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழ் ரோட்டில் எஞ்சின் சத்தம் கேட்டது. இந்த மலையில் எத்தனையோ வண்டி ஓடுகிறது, அந்தச் சத்தம் வேறெதற்கும் கிடையாது. கீழே புல் அறுத்துக்கொண்டிருந்த பாப்பாத்தியைக் கூப்பிட்டு, ‘யாராச்சும் கேட்டா நான் திருப்பூர் போயிட்டேன்னு சொல்லு’ என்றேன். ‘ஏனுங் மாமா, ஊட்டுல இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்க?’ என்றாள். ‘சொல்லு சாமி’ என்றேன். அவள் போய் என் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு ரோட்டுக்கு இறங்கினாள்.

அந்த மரத்திலிருந்து ரோடு நன்றாகத் தெரியும். நீங்கள் வந்து நிறுத்தியது, சக்கரத்துக்குக் கல் வைத்தது, ஃபுட்போர்டில் உட்கார்ந்து சாப்பிட்டது எல்லாம் பார்த்தேன். சோற்றைப் பிசைய வலது கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. தேறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவசியமில்லாமல் இரண்டு தடவை பானெட்டைத் திறந்து மூடினீர்கள். ஹாரன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடித்திருந்தால் இறங்கியிருப்பேனோ என்னவோ தெரியாது.

ஏன் இறங்கவில்லை என்று எழுத வேண்டும். ஜூலையில் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பல நாள் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. டயர் துடைத்ததுகூட என்னை யாரென்று தெரியாத ஒருவருக்கு. எஞ்சினை யார் செய்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாரே, அதை நான் பார்க்கவில்லை. ஆறு வருஷம் வேலை செய்ததில் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நிமிஷம்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைத் திருப்பித்தர உங்களால் முடியாது. சங்கத்துக்கு எழுதினாலும் முடியாது. நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் வந்திருப்பேன், பழையபடி மோட்டார் ரூமில் படுத்திருப்பேன். எழுதியது நல்லதுதான். ஆனால் பாரமாக இருக்கிறது.

நீங்கள் கிளம்பிப் போகும்போது வண்டி டாப் கியரில் இறக்கத்தில் போவது சத்தத்தில் தெரிந்தது. இந்த வண்டியின் பிரேக் எழுபது வளைவுக்கு டாப் கியரில் தாங்காது. நான் மரத்திலிருந்து, ‘செகண்டு போடுங்க, செகண்டு போடுங்க’ என்று கத்தினேன். உங்களுக்குக் கேட்டிருக்காது, பாப்பாத்திக்குத்தான் கேட்டது. அடுத்த வளைவுக்கு முன்னால் நீங்களாகவே செகண்டுக்கு மாற்றினீர்கள். கியர் கத்தவில்லை. அதன் பிறகும் சத்தம் தேய்ந்து முடியும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். கால் மரத்துப் போயிருந்தது.

மூன்றாவது சிலிண்டரில் லேசாகத் தட்டல் இருக்கிறது. ஏறும்போது கேட்டேன். பேரிங்காக இருக்காது, வால்வ் இடைவெளி கூடியிருக்கும். அதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.

ஷீல்டு கிடைத்தது. அதில் உங்கள் பெயர் வெட்டியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வரும்போது எடுத்துப் போய்விடுங்கள்.

வருவதாக இருந்தால் இந்தத் தடவை நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ரோட்டுக்கு இறங்கி வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது. வீட்டில் இருப்பேன். கதவு திறந்திருக்கும்.

அருணாசலம்